அழித்த கோப்பு எங்கே போகிறது?

தீபாவளி என்றால் செந்தூலில் எங்கள் வீட்டில் முறுக்குக்கு முன்னால் துடைப்பம் வந்துவிடும். 2024ஆம் ஆண்டும் அப்படித்தான். பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா சமையலறை அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். அப்பா மின்விசிறியைக் கழற்றிக் கழுவினார். என் பங்குக்கு வந்தது வீட்டுச் சேமிப்புப் பெட்டி.

தொலைக்காட்சிக்குப் பின்னால், இணைய மோடத்தின் பக்கத்தில் இருக்கும் சிறிய கறுப்புப் பெட்டி அது. சுருக்கமாக ‘நாஸ்’ என்பார்கள். உண்மையில் அது திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு கணினி. உள்ளே 2 டெராபைட் வன்தட்டுகள் இரண்டு இருக்கின்றன. வீட்டிலுள்ள எல்லாருடைய கைப்பேசியும் மடிக்கணினியும் வைஃபை வழியாக அதில்தான் படங்களைக் கொட்டும். இடம் நிரம்பிவிட்டது என்று அது பல நாள்களாக எச்சரித்துக்கொண்டிருந்தது.

இரட்டைப் பிரதிகளைத் தேடி அழித்துக்கொண்டே போனேன். ‘தாத்தா’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் கண்ணில் பட்டன. ஒன்று மற்றொன்றின் பிரதி என்று நானாகவே முடிவு செய்து, ஒன்றை அழித்தேன். ‘நிரந்தரமாக அழிக்கவா?’ என்று கணினி கேட்டது. ஆம் என்றேன். பிறகு மற்றொன்றைத் திறந்து பார்த்தால் அதில் இரண்டே இரண்டு புகைப்படங்கள்!

அழிந்த கோப்புறையில் இருந்தவை இவை. செந்தூல் ரயில்வே பணிமனையில் வேலை செய்து ஓய்வு பெற்ற தாத்தா சொல்லச் சொல்ல, 2001இல் பெரிய மாமா தட்டச்சு செய்த குறிப்புகள். 2008இல் அம்மா தன் பழைய கைப்பேசியில் பதிவு செய்த தாத்தாவின் பேச்சு, மொத்தம் 37 துண்டுகள். தாத்தா 2010இல் இறந்தபோது எனக்கு ஏழு வயது. அவர் குரல் எனக்கு நினைவில் இருப்பதே அந்தப் பதிவுகளால்தான். வேறு எங்கும் பிரதி இல்லை.

நான் கணினித் துறை மாணவி அல்லள், கணக்கியல் படிப்பவள். இடைநிலைப்பள்ளியில் கணினிச் சொற்களை எல்லாம் மலாயில் கற்றவள். மலாயில் ‘பாடாம்’ என்றால் அழிப்பது. அன்று எனக்கு அது தமிழிலும் பாடமாகிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வாரங்களில் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓடிப் பார்த்தது மடிக்கணினியின் குப்பைத் தொட்டி. காலியாக இருந்தது. காரணம் எளிது. நம் கணினியின் சொந்த வன்தட்டில் அழிப்பவைதான் அந்தத் தொட்டிக்குப் போகும். வலையமைப்பு வழியாக இன்னொரு பெட்டியில் அழிப்பவை நேராகப் போய்விடும். பல சேமிப்புப் பெட்டிகளில் தனிக் குப்பைத் தொட்டி வசதி உண்டு. அதை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் அது இயங்கித்தான் கொண்டிருந்தது. மூன்று மாதங்களுக்கு முன், இடம் மிச்சமாகட்டும் என்று அதை நிறுத்திய புத்திசாலி நான்தான்.

அடுத்து, மீட்பு மென்பொருள் ஒன்றை மடிக்கணினியில் இறக்கி ஓட்டினேன். அதுவும் பயனில்லை. மடிக்கணினிக்கு வலையமைப்பு வழியாகத் தெரிவது பெட்டி காட்டும் கோப்புகள் மட்டுமே; வன்தட்டின் அடி வரைக்கும் போய்ப் படிக்க முடியாது. வன்தட்டை வெளியே எடுத்தால்தான் வேலை நடக்கும்.

கணினித் துறையில் படித்து முடித்த சீனியர் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். நான் கதையைச் சொல்லி முடிக்கும் முன்பே, “பெட்டி இன்னும் ஓடுதா? மொதல்ல நிப்பாட்டுமா, அப்புறம் பேசலாம்” என்றார். மணியைப் பார்த்தேன். அழித்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஏன் அந்த அவசரம்? அடுக்குமாடி வீட்டுக் காவலரிடம் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது என்று வையுங்கள். கணினியில் கோப்பை அழிப்பது, அந்தப் பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிட்டு ‘வீடு காலி’ என்று எழுதுவது போன்றது. ஆனால் குடித்தனக்காரர் இன்னும் உள்ளேதான் தூங்கிக்கொண்டிருக்கிறார். புதியவர் சாமான்களோடு வந்து இறங்கும்போதுதான் அவர் உண்மையில் வெளியேறுகிறார். சிறிய பென்டிரைவ்களில் இதைக் கண்கூடாகவே பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலும் இருக்கும் ‘ஃபேட்’ முறையில், கோப்பின் பதிவிலுள்ள முதல் எழுத்து 229 என்ற எண்ணாக மாற்றப்படும்; அது பிடித்திருந்த இடம் காலி என்று குறிக்கப்படும். உள்ளடக்கத்தை யாரும் துடைப்பதில்லை.

எங்கள் பெட்டியோ லினக்ஸில், ‘எக்ஸ்ட்4’ என்ற முறையில் ஓடுவது. அது கொஞ்சம் கறாரானது. கோப்பு வட்டின் எந்தப் பகுதிகளில் கிடக்கிறது என்ற முகவரியையும் சேர்த்தே அழித்துவிடும். குடித்தனக்காரர் இருக்கிறார், எந்த மாடி, எந்தக் கதவு என்றுதான் தெரியாது.

அந்த மூன்று மணி நேரத்தில் புதுக் குடித்தனமும் வந்து இறங்கியிருந்தது. தம்பியின் கைப்பேசி, வழக்கம்போல, அவனுடைய ஃபுட்சால் காணொளிகளைத் தானாகவே பெட்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தது. அவனைத் திட்டக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

உள்ளே இரண்டு வன்தட்டு இருக்கிறதே, மற்றொன்றில் இருக்காதா என்று அப்பா கேட்டார். பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். இரண்டும் ‘ரெய்டு 1’ முறையில் ஒன்றுக்கொன்று கண்ணாடி. ஒரு தட்டு பழுதானால் மற்றது காப்பாற்றும். ஆனால் ஒன்றில் அழித்தால் அதே நொடியில் மற்றதிலும் அழியும். கண்ணாடி முன் நின்று தலைமுடியை வெட்டிக்கொண்டு, கண்ணாடியில் இருப்பவளுக்கு முடி நீளமாக இருக்கிறதா என்று பார்த்த கதைதான்.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது என்று அண்ணன் ஆறுதல் சொன்னார். 1998இல் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ தட்டிய ஒரே கட்டளையில் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதியைத் தேடினால், அது ஒழுங்காகவே இயங்கியிருக்கவில்லை. அப்போது குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சுஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்துக் கொண்டுவந்தார்களாம். வீட்டுப் பெட்டிகளே அழிந்த கதையும் உண்டு. 2021 ஜூன் மாதம், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘மை புக் லைவ்’ என்ற பழைய மாதிரியை வைத்திருந்த பலர், தங்கள் பெட்டிகள் காலியாகக் கிடப்பதைக் கண்டார்கள். இணையத்தின் வழியே யாரோ புகுந்து துடைத்திருந்தார்கள். அந்த மாதிரிக்கு 2015ஆம் ஆண்டிலேயே பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோயிருந்தன.

ஆறுதல் போதும், வேலைக்கு வருவோம். மறுநாள் லோ யாட் பிளாசாவுக்குப் போய் 4 டெராபைட் வெளி வன்தட்டு ஒன்றும், வன்தட்டை யூ.எஸ்.பி.யில் இணைக்கும் கம்பி ஒன்றும் வாங்கினோம். தீபாவளிக்கு எடுக்க வேண்டிய பஞ்சாபி உடையின் காசு அதில் போயிற்று. பெட்டியிலிருந்து ஒரு தட்டை மட்டும் எடுத்தோம். மற்றதைத் தொடவே இல்லை. மடிக்கணினியைப் பென்டிரைவிலிருந்து லினக்ஸில் தொடக்கி, ‘டிடிரெஸ்கியூ’ என்ற கருவியால் முழுத் தட்டையும் அப்படியே ஒரே கோப்பாகப் படியெடுத்தோம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதன்பின் எல்லாச் சோதனையும் அந்தப் படியின் மேல்தான். மூலத்தின் மேல் எதையும் முயன்று பார்க்கக் கூடாது. மீட்டதை மூலத்திலேயே எழுதவும் கூடாது. கடைக்குக் கொடுப்பதானாலும் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முகவரி இல்லாதபோது ‘ஃபோட்டோரெக்’ போன்ற இலவச மென்பொருள் வேறு வழியில் தேடும். ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தலையில் ஓர் அடையாளம் உண்டு. ஜேபெக் படம் என்றால் 255, 216, 255 என்று தொடங்கும். பழைய வேர்டு கோப்பு 208, 207, 17, 224 என்று தொடங்கும். மென்பொருள் வட்டில் காலி என்று குறிக்கப்பட்ட பகுதிகளை முதலிலிருந்து கடைசி வரை படித்து, இந்தத் தலைகளைக் காணும் இடத்திலெல்லாம் வெட்டி எடுக்கும். கோப்பு துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் பாதிதான் வரும். பெயரும் கோப்புறையும் திரும்பி வராது.

வந்து விழுந்தவை ஆயிரக்கணக்கில். தம்பியின் பாலர் பள்ளிப் படங்கள், எப்போதோ அழித்த விளம்பரங்கள், யாருடையதென்றே தெரியாத பூனை. அவற்றுக்கு நடுவே வேர்டு கோப்புகளும் இருந்தன. ஒன்றைத் திறந்தேன். தமிழே இல்லை, தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மூடப் போனேன்.

கெடவில்லை. 2001இல் மாமா தட்டச்சு செய்தது முரசு அஞ்சலில். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய அந்த மென்பொருளைப் பற்றி இதைப் படிக்கும் முன்னாள் மாணவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யூனிகோடு பரவலாகும் முன், ஆங்கிலக் குறியீடுகள் இருக்கும் இடத்திலேயே தமிழ் எழுத்துகளை வைத்து எழுதினார்கள். திஸ்கி, டாப், டாம் என்று முறைகளும் பல. எழுத்துரு இல்லாத கணினியில் அது புரியாத மொழிபோல் தெரியும். வேர்டு கோப்பில் எழுத்துருவின் பெயர் உள்ளேயே பதிந்திருப்பதால் எந்த முறை என்று ஊகிக்கலாம். அதற்குரிய மாற்றியில் போட்டால் யூனிகோடு தமிழ் வந்துவிடும். மீட்ட கோப்பு படிக்க முடியவில்லை என்று குப்பையில் போடும் முன், தயவுசெய்து இதைச் செய்து பாருங்கள்.

இன்னொரு வித்தையும் அண்ணன் காட்டினார். யூனிகோடு தமிழைச் சாதாரண உரைக் கோப்பாகச் சேமிக்கும்போது ஒவ்வோர் எழுத்துக் குறியும் மூன்று பைட் இடம் பிடிக்கும். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. ‘அம்மா’ என்று எழுதினால் ஐந்து குறிகள், 15 பைட். ஆகவே வட்டில் இந்த இணைகள் நெருக்கமாக வரும் இடத்தைத் தேடினால், தலையடையாளம் இல்லாத தமிழ்க் குறிப்பையும் பிடித்துவிடலாம். சுருக்கி அடைக்கப்படும் புதிய வேர்டு கோப்புகளுக்கு மட்டும் இது செல்லாது.

இந்த வித்தைகளெல்லாம் நம் மடிக்கணினியில் நடக்கும் என்று நம்பிவிட வேண்டாம். இப்போதைய மடிக்கணினிகளில் இருப்பது எஸ்.எஸ்.டி. அதில் அழித்த இடத்தை ‘ட்ரிம்’ என்ற ஏற்பாடு சீக்கிரமே உண்மையாகவே காலி செய்துவிடும். அங்கே காப்புப் பிரதி இல்லையென்றால் பெரும்பாலும் கை விரிப்புத்தான்.

தாத்தாவின் குறிப்புகள் முழுவதும் கிடைத்தன. 37 பதிவுகளில் 29 வந்தன. அவற்றில் நான்கு பாதியில் அறுந்துபோகின்றன. மீதி எட்டின் மேல் ஃபுட்சால் ஏறிவிட்டது. பெயர்கள் போய் வெறும் எண்கள் மட்டும் இருந்ததால், தீபாவளி முடிந்த பிறகு அம்மா ஒவ்வோர் இரவும் இரண்டு மூன்றைக் கேட்டு, தாளில் பெயர் எழுதித் தந்தார். ‘கொதிகலன் கதை’, ‘பாட்டி திட்டியது’, ‘இருமல் மட்டும்’. என்னிடம் அதுவரை சரியாகப் பேசாமல் இருந்தவர், ‘இருமல் மட்டும்’ என்று எழுதும்போதுதான் சிரித்தார்.

இப்போது அந்தக் கோப்புறைக்கு மூன்று பிரதிகள். ஒன்று பெட்டியில். ஒன்று லோ யாட்டில் வாங்கிய அந்த வன்தட்டில். மாதம் ஒருமுறை மட்டும் இணைத்துவிட்டுக் கழற்றி அலமாரியில் வைக்கிறோம். மற்றொன்று கிள்ளானில் பெரிய மாமா வீட்டில். பெட்டியின் குப்பைத் தொட்டியை மறுபடி இயக்கிவிட்டேன். 30 நாள் கழித்துத்தான் அது காலியாகும்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பேரவையின் பழைய மலர்களின் மூலக்கோப்புகள் உங்கள் வீட்டு நெகிழ்வட்டிலோ பழைய கணினியிலோ இருக்கலாம். எந்த எழுத்துருவில் இருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன். பழைய கணினி என்றால் மட்டும், வரும் முன் அதில் எதையும் புதிதாகச் சேமிக்க வேண்டாம்.