செக் திரும்பினால் பாலிசி போகும். கடன் நோட்டீஸ் பின்னால் வரும்

நம் வணிகர்களில் சொந்தமாக ஒரு லோடு வண்டியாவது இல்லாதவர் குறைவு. மார்க்கெட்டிலிருந்து மூட்டை ஏற்றிவர ஒரு மினி லாரி, வெளியூர் வசூலுக்கு ஒரு கார் என்று ஏதாவது ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை இன்சூரன்சும் கட்டுகிறோம். செக் எழுதி ஏஜெண்ட் கையில் கொடுத்துவிட்டு அத்தோடு மறந்துவிடுகிறோம் என்று சொன்னால் இன்னும் பொருந்தும்.

சரக்குக்குக் கொடுத்த செக் திரும்பினால் மொத்த வியாபாரி அன்று மாலையே போன் போட்டுவிடுவார். இன்சூரன்ஸ் செக் திரும்பினால் யாரும் கூப்பிடமாட்டார்கள். பாலிசி ரத்து என்று ஒரு கடிதம் வரும். அது பழைய கிடங்கு முகவரிக்குப் போய்ச் சேர்ந்தால் அதுவும் நம் கண்ணில் படாது. வண்டி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள், இத்தனை லட்சம் எங்களுக்குத் தரவேண்டும் என்று கம்பெனியிடமிருந்து நோட்டீஸ் வரும். அந்தக் கடன் எங்கிருந்து வந்தது, எதைக் கட்டவேண்டும், எதை மறுக்கலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64-விபி பிரிவுதான் இதற்கு அடிப்படை. பிரீமியம் முன்கூட்டியே கைக்கு வராமல் எந்தக் கம்பெனியும் பொறுப்பு ஏற்கக்கூடாது என்கிறது அது. கடன் வியாபாரம் இங்கே கிடையாது. அதே பிரிவில் நமக்குச் சாதகமாக இரண்டு வரிகள் உண்டு; பலருக்குத் தெரிவதில்லை. ஏஜெண்ட் வாங்கிய பிரீமியத்தை, வங்கி, தபால் விடுமுறை நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கம்பெனியில் கட்டியாக வேண்டும். பாலிசி ரத்தாகித் திரும்பும் பணத்தைக் கம்பெனி நேரடியாகப் பாலிசிதாரருக்கே தரவேண்டும். ஏஜெண்ட் கணக்கில் வரவு வைக்கக்கூடாது. ஆகவே ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்கிய வியாபாரியிடம், ஏஜெண்ட் கட்டவில்லை என்பதால் பாலிசி இல்லை என்று கம்பெனி சொன்னால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. ரசீது இல்லாமல் கொடுத்தவர் பாடு வேறு.

நோட்டீஸ் இரண்டு விதமாக வரும். முதலாவது சிறு தொகை: பிரீமியம் பாக்கி, செக் திரும்பிய செலவு என்று சில ஆயிரங்கள். இதில் கேட்கவேண்டியது ஒரே கேள்வி. எந்தத் தேதியிலிருந்து பாலிசியை ரத்து செய்தீர்கள்? தொடக்க நாளிலிருந்தே ரத்து, ஒருநாள்கூடப் பொறுப்பு ஏற்கவில்லை என்றால், ஏற்காத பொறுப்புக்கு முழுப் பிரீமியம் எதற்கு என்று கேட்கலாம். சரக்கே இறக்காமல் பில் போட்டால் நாம் ஒப்புக்கொள்வோமா? நடுவில் ஒரு தேதியிலிருந்துதான் ரத்து என்றால், அதுவரையிலான நாட்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதுதான் முறை. ஆனால் செக் திரும்பியதற்கு 138-ஆம் பிரிவு நோட்டீஸ் வந்திருந்தால் வாதம் பேசிக்கொண்டு இருக்கவேண்டாம். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் வக்கீலிடம் போய்விடுங்கள்.

இரண்டாவது நோட்டீஸ்தான் கடையையே ஆட்டிவிடும். ரத்தான பாலிசியோடு ஓடிய வண்டி ஒருவர்மேல் மோதிவிடுகிறது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று டிரிப்யூனல் உத்தரவிடுகிறது. கம்பெனி கொடுத்த தொகை அன்றிலிருந்து நம் தலையில் கடன்.

இதில் எல்லாமே தேதிக் கணக்குதான். உச்சநீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கில் 1997-இல் செக் திரும்பியது; கம்பெனி பாலிசியை ரத்து செய்து உரிமையாளருக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் தெரிவித்துவிட்டது. விபத்து நடந்தது 1998 பிப்ரவரியில். கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றது கோர்ட். ஆனாலும் பாதிக்கப்பட்டவர் நிலையைப் பார்த்து, கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று உத்தரவிட்டது. இன்னொரு வழக்கில் 2004 மே 11-இல் பஸ் விபத்து. பாலிசி ரத்தானது மே 13. ரத்துத் தகவல் விபத்துக்கு முன்பே உரிமையாளருக்குப் போய்ச் சேரவில்லை என்பதால், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனிதான் கொடுக்கவேண்டும் என்று 2012-இல் தீர்ப்பு வந்தது. உரிமையாளரிடம் வசூலிக்கும் வழியை அங்கேயும் கோர்ட் அடைக்கவில்லை. வக்கீலிடம் சொல்ல வேண்டுமானால், இது 2012-ஆம் ஆண்டு எஸ்.சி.சி. ஐந்தாம் தொகுதி, 234-ஆம் பக்கம்.

நம் சொந்த வண்டியின் சேதம் வேறு கணக்கு. 1993 டிசம்பரில் பாலிசி எடுத்த ஒரு கார், அந்த மாதம் 31-ஆம் தேதியே விபத்தில் சிக்கியது. செக் அதற்குப் பிறகுதான் திரும்பியது. சொந்தச் சேதத்துக்குக் கம்பெனி ஒரு பைசா தரவேண்டாம் என்று 2001-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய ஒரு வாசகமும் உண்டு. செக் திரும்பிய பிறகும், விபத்துக்கு முன்பாகவே பிரீமியத்தைக் கட்டிவிட்டால் நிலைமை வேறு என்பதே அது. செக் திரும்பியதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்த அன்றைக்கே பணத்தைக் கட்டி, தேதியுள்ள ரசீது வாங்குவது எவ்வளவு பெறுமானம் என்று இதிலிருந்து தெரியும். அதுவரை வண்டியை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம்வரை சிறை. அபராதத்தைவிட ஒரு விபத்து பெரியது.

வசூல் நோட்டீசை எதிர்க்க வேண்டுமானால், எதிர்க்கவேண்டிய இடம் டிரிப்யூனல். நம்மவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். சம்மன் வந்தால், கம்பெனி வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று மேசை டிராயரில் போட்டுவிடுகிறார்கள். இப்படிப்பட்ட வழக்கில் கம்பெனி வக்கீல் நமக்காக அல்ல, நமக்கு எதிராக நிற்கிறார். ரத்துக் கடிதம் முன்பே அனுப்பிவிட்டோம் என்று அவர் சொன்னால், இல்லை என்று சொல்ல அங்கே ஆள் இருக்கமாட்டார்கள். ரத்துக் கடிதத்தின் நகல், பதிவுத் தபால் சான்று, கையெழுத்தான ஒப்புகை அட்டை, செக் திரும்பியதற்கு வங்கி கொடுத்த மெமோ, இவ்வளவையும் காட்டச் சொல்லிக் கேட்கவேண்டும். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியது போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே கடை மாறியபோது கம்பெனிக்கு முகவரி மாற்றம் எழுதிக் கொடுத்த நகல் இருந்தால் அது பெரிய துருப்பு. தீர்ப்பு பாதகமானால் 90 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் அப்பீல். அதற்கு 25,000 ரூபாய் அல்லது இழப்பீட்டில் பாதி, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டவேண்டும்.

அந்தக் கெடுவைத் தவறவிட்டால் பேச்சுக்கு இடம் சுருங்கிவிடும். நம் தமிழகத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2004-இல் உச்சநீதிமன்றம் சொன்னபடி, கம்பெனி தனியாக வழக்குப் போடவே தேவையில்லை. அதே தீர்ப்பை வைத்து நேராக நிறைவேற்று மனு போடலாம். பிணை கேட்கலாம், வண்டியையே ஜப்தி செய்யக் கேட்கலாம்.

வழக்கு எதுவும் கோர்ட்டில் இல்லாத தகராறுகளுக்கு, அதாவது பிரீமியம் பாக்கி, திரும்பவேண்டிய பணம் போன்றவற்றுக்கு, வக்கீல் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை. தனி உரிமையாளர் பெயரில் நடக்கும் கடைகளும் குறு நிறுவனங்களும் அங்கே புகார் கொடுக்கலாம். கூட்டு வியாபாரம் என்றால் முதலில் விசாரித்துக்கொண்டு போகவும். புகாரோடு பாலிசி நகல், ரசீது, செக் விவரம் உள்ள வங்கிக் கணக்குப் பக்கம், கம்பெனிக்கு எழுதிய கடிதம் ஆகியவற்றை இணைக்கவேண்டும்.