நோயாளி இல்லாத ஸ்லைடு

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்காவது மார்பிலோ வாயிலோ கட்டி என்றால், “சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க” என்பார்கள். அந்தச் சதை ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, மில்லிமீட்டரில் 250-இல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவப்படும். சாயம் ஏற்றாவிட்டால் அதில் ஒன்றும் தெரியாது. ஹீமடாக்சிலின் பட்டதும் செல்களின் உட்கருக்கள் பன்னீர் திராட்சைத் தோல் நிறத்துக்கு வரும். ஈயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். உட்கருக்களின் அளவு, வடிவம், நெருக்கம் இவற்றை வைத்தே நோயியல் மருத்துவர் புற்றா இல்லையா என்கிறார்.

இதைக் கணினிக்குப் பழக்க, ஒவ்வொரு உட்கருவையும் யாராவது கோடிட்டுக் காட்டியாக வேண்டும். நீரஜ் குமார், அமித் சேத்தி குழுவினர் 2017-இல் வெளியிட்ட தொகுப்பில் இருந்தவை 30 படங்கள்தான். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் சதுரம். அதற்கே 21,623 உட்கருக்களுக்கு ஓரம் வரைய வேண்டியிருந்தது!

ஆகவே சிலர் வேலையைத் தலைகீழாக்கினார்கள். விடையை முதலில் வரைந்துவிடு. படத்தைப் பிறகு உண்டாக்கு. 2014-இல் இயன் குட்ஃபெலோ குழு அறிமுகம் செய்த முறையில் இரண்டு செயற்கை நரம்பு வலையமைப்புகள் மோதுகின்றன: ஒன்று படம் செய்யும், மற்றது ‘இது போலி’ என்று பிடிக்கும். பிடிபட்டுப் பிடிபட்டே முதலாவது தேறுகிறது. பிரிட்டனின் வாரிக் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீஜய் தேஷ்பாண்டே குழு உருவாக்கிய ‘சஃப்ரான்’, சுரப்பிகள் எங்கெங்கே என்ற வரைபடத்தைக் கொடுத்தால் பெருங்குடல் புற்றுத் திசுவின் படத்தைத் தீட்டித் தரும். பெரிய படத்தைத் துண்டு துண்டாகச் செய்து, ஒட்டிய இடம் தெரியாமல் சேர்ப்பதுதான் அதன் சாமர்த்தியம்.

எந்த நோயாளியின் அந்தரங்கமும் இதில் வெளியாகாது என்பார்கள். முழுக்க நம்ப வேண்டாம். பழகிய படத்தையே இயந்திரம் அப்படியே ஒப்பிப்பதும் உண்டு.

எனக்குப் பெரிய உறுத்தல் வேறு. போலியைப் பிடிக்கும் அந்த இரண்டாவது வலையமைப்பு தோற்றத்தைத்தான் பார்க்கிறது. நோய் அதற்குத் தெரியாது. சாயத்தின் அடர்த்தி, சீவலின் கனம், ஸ்கேனர் எல்லாமே ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். ஒரே வரைபடத்துக்குப் பத்து விதச் சாயம் ஏற்றிப் பழக்கலாம், அதில் செயற்கைப் படம் நன்றாகவே கைகொடுக்கும். ஆனால் பார்த்தே இராத அரிய வகைக் கட்டியை அந்த இயந்திரத்தால் சரியாக வரைய முடியாது. எனவே பாடம் செயற்கைப் படத்தில் நடக்கட்டும். தேனியில் பயன்படப்போகிற கருவிக்குப் பரீட்சை மட்டும் தேனி நோயாளிகளின் ஸ்லைடில்தான்.