கரை தொட்டவர்கள் – 9: பட்டம் வாங்கிய பிறகு

கோடியக்கரையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வேதாரண்யத்துக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையே தோணி ஓடிய காலம் இலங்கை உள்நாட்டுப் போருக்கு மிகவும் முந்தையது. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்தக் கடலில் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் வந்தன. பெரும்பாலோர் இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் பதிவானார்கள். இந்த வேதாரண்யக் கரையில் ஒதுங்கியவர்களும் உண்டு. 2010 வரை வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். இன்று முகாம்களில் இருப்பவர்கள் சுமார் 58,000 பேர். தமிழ் பேசும் பிள்ளைகள் தமிழ்நாட்டோடு ஒட்டிக்கொள்வதில் என்ன சிரமம் என்று பலரும் கேட்பதுண்டு. சிரமம் இருந்தது. நாற்காலியைக் கதிரை என்றும் பேசுவதைக் கதைப்பது என்றும் சொல்லும் பிள்ளையை வகுப்பே திரும்பிப் பார்க்கும். பாடத்திட்டம் வேறு; ஓடி ஓடி இழந்த ஆண்டுகள் வேறு; கையில் மாற்றுச் சான்றிதழும் கிடையாது. அரசுப் பள்ளிகள் அவர்களைச் சேர்த்துக்கொண்டன. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களுக்குள்ளேயே மாலை வகுப்பு நடத்தியது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் உயர்கல்விக் கதவு சாத்தப்பட்டு, சில ஆண்டுகள் கழித்தே திறந்தது. இத்தனைக்கும் நடுவில் அந்தப் பிள்ளைகள் படித்தார்கள்.

புதிய நாட்டில் பழகிக்கொள்ள உதவுவது என்றால் மொழி, பள்ளி, அக்கம்பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இங்கேதான் நம் வாழ்க்கை என்ற உறுதியைக் கொடுக்காத வரை அந்த உதவி பாதியில் நிற்கிறது என்பேன். முகாமில் பிறந்து பொறியியல் முடித்த இளைஞருக்கு அரசு வேலை கிடையாது, இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது. தனியார் நிறுவனமும் ஆவணத்தைப் பார்த்ததும் தயங்குகிறது. கடைசியில் அப்பா செய்த பெயின்ட் வேலைக்கே போகிறார்: சாரத்தில் நின்று உப்புத்தாளால் சுவர் தேய்த்து, பட்டி பார்த்து, அன்றாடக் கூலி வாங்குகிறார். அதைப் பார்க்கும் தம்பி பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டால் அவனைக் குறை சொல்ல முடியுமா? 2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, புது வீடுகளும் கல்வி உதவியும் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில் இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் இலங்கையின் பெயரே இல்லை.

போர் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்பார்கள். போக விரும்புகிறவர்களுக்கு வழி செய்ய வேண்டியதுதான். இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது திரும்புதல் ஆகாது, இன்னொரு முறை அகதியாவதுதான். விசா இல்லாமல் வந்தவர்கள் என்ற வாதத்தையும் பார்ப்போம். வந்தவர்களைப் பதிவு செய்து அட்டை கொடுத்தது அரசுதான். படகேறியது பெற்றோர், பிள்ளைகள் அல்ல. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசே 2025 செப்டம்பரில் விலக்கு அளித்துவிட்டது. உள்ளூர்ப் பிள்ளைகளின் வாய்ப்பு போய்விடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி, முகாம்வாசிகள் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை.

சட்டத்தை மாற்ற முடியாது என்று வேதாரண்யத்தில் யாரும் சொல்லக் கூடாது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த உப்புச் சத்தியாக்கிரகிகளுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். இன்று தேவைப்படுவது அந்த அளவு துணிச்சல்கூட இல்லை. இங்கே பிறந்து இங்கே படித்த முகாம் பிள்ளைகள் 18 வயதில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி செய்யச் சொல்லி உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.