எடைக்கு வாங்கிய நஞ்சு



சென்ற மாதம் தஞ்சை கீழவாசலில் நமது கடைக்குப் பழைய சாமான் வாங்கும் தம்பி வந்தார். காலி டின், அட்டைப்பெட்டி, கிழிந்த கோணி எல்லாம் எடை போட்டுக் காசு கொடுத்தார். அவர் வண்டியில் பூச்சிமருந்து கேன்களும் கிடந்தன. "இதை என்னப்பா பண்ணுவே?" என்று கேட்டோம். "கழுவி வித்தா தண்ணி புடிக்க வாங்கிக்குவாங்க ஐயா" என்றார். நமக்குத் திக்கென்றது. குறுவைக்கு நம் வயலில் அடித்த மருந்து கேன்களையும் இப்படித்தானே போட்டோம்!

கொடைக்கானல் நினைவுக்கு வந்தது. அங்கே 1980களில் தொடங்கிய தெர்மாமீட்டர் ஆலையைப் பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனம் நடத்தியது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில் கிடந்ததை 2001 மார்ச்சில் ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்தனர். விதிக்கு மாறாக 5.3 டன் விற்கப்பட்டதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போயிற்று. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆயிற்று.

பாதரசத்துக்கு வாசனை இல்லை. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதை எடைக்கு வாங்கியவர் நம்மைப் போல் ஒரு கடைக்காரர். பெரிய கம்பெனிச் சரக்குதானே என்று நாமும் வாங்கியிருப்போம்.

மளிகைக்காரர்கள் மறக்கக்கூடாத இன்னொன்றும் உண்டு. 1958ல் கேரளத்தில், பூச்சிமருந்துடன் ஒரே கப்பலில் வந்து நஞ்சேறிய கோதுமை மாவைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகே 1968ல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. காலி மருந்து டப்பாக்களை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

நம் டெல்டா சமவெளி. ஒரு வாய்க்காலில் கழுவிய கேனின் நஞ்சு அடுத்த ஊர்க் குளம் வரை போகும். அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்தான் அரிசியாகி நம் கடைக்கு வருகிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. பூச்சிமருந்து கேனைப் பழைய சாமானோடு சேர்க்காதீர்கள். துளையிட்டு, மறுபடி உதவாதபடி செய்துவிடுங்கள். எதை வைத்திருந்தது என்று தெரியாத டின்னில் எண்ணெயோ, சாக்கில் பருப்போ போடாதீர்கள். உடைந்த டியூப் லைட், தெர்மாமீட்டர், பழைய பேட்டரி ஆகியவற்றைக் கடைக் குப்பையில் கலக்காமல் தனியே கட்டி, உள்ளாட்சித் துப்புரவுப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லிக் கொடுங்கள்.

அந்தத் தம்பியிடம் கேன்களை நாமே விலை கொடுத்து வாங்கித் துளையிட்டோம். எண்பது ரூபாய் செலவு. கணக்கில் அது நஷ்டம்தான். ஆனால் அந்த கேனில் தண்ணீர் குடித்திருக்கக்கூடிய குழந்தை, நாளை நம் கடைக்குச் சாமான் வாங்க வரும் குழந்தை அல்லவா!