கருங்கல்லை உடைப்பது எது?

கல்குவாரியில் வெடி வைத்ததும் பாறைமுகம் அப்படியே சரிகிறது. வெடியின் அழுத்தம் தாங்காமல் கல் நொறுங்கிவிட்டது என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் புதுக்கோட்டைக் கருங்கல் அழுத்தத்துக்கு அவ்வளவு எளிதில் மசிவதில்லை. அதை அமுக்கி நொறுக்க வளிமண்டல அழுத்தத்தைப் போல் 1,000 மடங்குக்கு மேல் வேண்டும். இழுத்துப் பிளக்க அதில் பத்தில் ஒரு பங்கே ஏறக்குறையப் போதும். வெடித்த துளையை ஒட்டிய சிறு பகுதிதான் நசுங்குகிறது. அதற்கு அப்பால் அழுத்த அலை வெளிநோக்கி விரியும்போது கல் சுற்றுவாட்டில் இழுபட்டுக் கீறுகிறது. திறந்த பாறைமுகத்தில் மோதிய அலை இழுவை அலையாகத் திரும்பி வந்து இன்னும் பிளக்கிறது. வெடியில் பிறந்த வாயு விரிசல்களுக்குள் புகுந்து அகட்டுகிறது. வரிசையாகக் குழி வெட்டி ஆப்பு இறக்கும் கல்தச்சர் கை வைப்பதும் கல்லின் இதே பலவீனத்தில்தான்; அவருக்கு வெடிமருந்து தேவைப்படவில்லை, அவ்வளவே.

அதனால்தான் கிரஷரிலிருந்து வரும் ஜல்லியை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தாலும், அதிலுள்ள குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் குன்றில் இருந்த அதே கனிமங்கள்தான். கல் உடைவது வேறு, கனிமம் மாறுவது வேறு. குவார்ட்ஸ் படிகத்துக்குள் இணைகோடுகளாக நுண்தளங்கள் விழ ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு வளிமண்டல அழுத்தம் நொடிப்பொழுதில் தாக்க வேண்டும். மூன்று லட்சத்தை நெருங்கினால் ஃபெல்ட்ஸ்பார் உருகாமலே, தன் வடிவம் குலையாமலே கண்ணாடியாகிவிடும். அதற்கு மாஸ்கெலினைட் என்று பெயர். மகாராஷ்டிரத்தின் லோனார் பள்ளத்துப் பாறைகளில் அது கிடைக்கிறது. 1.8 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பள்ளம் எரிமலை வாய் என்று வாதிட்டவர்கள் உண்டு. சுற்றிலும் எரிமலைப் பாறையே இருப்பதால் அது நியாயமான ஐயம்தான். ஆனால் எரிமலை கல்லை உருக்கும். இவ்வளவு அழுத்தத்தைத் தராது. விண்கல் மோதல்தான் தரும்.

பூமியின் ஆழத்திலும் பேரழுத்தம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அமெரிக்காவின் பாரிங்கர் விண்கல் பள்ளத்தில் 1960-இல் அடையாளம் கண்ட கோயசைட் என்ற, குவார்ட்ஸின் உயரழுத்த வடிவம் ஆழத்திலும் உருவாகக்கூடியதே. ஆனால் அங்கே அழுத்தம் மெல்ல ஏறுவதால் அணுக்கள் புதுப் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. நுண்தளங்களும் மாஸ்கெலினைட்டும் அதிர்ச்சி அலையின் அவசரத்தில் பிறப்பவை. ஆகவே வட்டமான கண்மாயையோ சிதறிக் கிடக்கும் பாறைகளையோ காட்டி யாராவது விண்கல் விழுந்த இடம் என்றால், கல்லின் சீவலை நுண்ணோக்கியில் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள்.