கிரிவலப் பாதை பஜ்ஜிக்கு டோக்கியோவில் ஒரு பணக்காரச் சொந்தம்... தெரியுமா?

திருவண்ணாமலையில் பௌர்ணமி ராத்திரி. 14 கிலோமீட்டர் மலை சுற்றிக் கால் ஓய்ந்து, ரோட்டோரக் கடையில் நின்றபடியே ஊதி ஊதி வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டிருக்கிறீர்களா? காயை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டு எடுக்கும் அதே வேலைக்கு, டோக்கியோவில் ஓர் உணவகம் மிஷ்லின் இரண்டு நட்சத்திரம் வாங்கியிருக்கிறது தெரியுமா? கின்சா பகுதியில் இருக்கும் அந்தக் கடையின் பெயர் டெம்புரா கொண்டோ. ஃபுமியோ கொண்டோ என்ற சமையல் கலைஞர் 1991-இல் தொடங்கியது. ஆம், டெம்புரா என்பது ஜப்பான்காரர்களின் பஜ்ஜிதான்!

ஒரு பஜ்ஜி வேக எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிடம்? மூன்று நிமிடம்? கொண்டோ கடையின் சர்க்கரைவள்ளிக் கிழங்கு டெம்புரா வேக சுமார் அரை மணி நேரம்! மெல்லிய வில்லை கிடையாது; உள்ளங்கையை நிறைக்கும் தடிமனான துண்டு. வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சுபோல மாவாக உதிரும் இனிப்பு! ஒரே ஒரு கிழங்குத் துண்டுக்கு அரை மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பொறுமையை என்னவென்று சொல்வது!

இப்படிப்பட்ட உயர்தரக் கடைக்குள் போனால் எங்கே உட்கார வைப்பார்கள் தெரியுமா? எண்ணெய்ச் சட்டிக்கு நேர் எதிரே! நீளமான மரப் பலகை, அதற்கு அந்தப் பக்கம் மாஸ்டர், இந்தப் பக்கம் நீங்கள். மொத்தமாகத் தட்டில் குவித்துக் கொடுக்கும் பழக்கம் அங்கே இல்லை. ஒவ்வொன்றாகப் பொரித்து, ஒவ்வொன்றாக உங்கள் முன் விரித்த வெள்ளைக் காகிதத்தின்மேல் வைப்பார்கள். வைத்த கையோடு வாயில் போட வேண்டும்! பெரும்பாலும் இறாலில் தொடங்கி, மீன், காளான், தாமரைக் கிழங்கு என்று போகும். அந்த வெள்ளைக் காகிதத்தில் எண்ணெய்க் கறை லேசாகத்தான் படியும். அவ்வளவு சுத்தமாக வடிந்திருக்கும்! ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஓர் ஆளுக்குப் பத்தாயிரம் யென்னுக்கு மேல் ஆவது அங்கே சர்வ சாதாரணம்!

இறாலை எண்ணெயில் போட்டால் சுருண்டுகொள்ளும், இல்லையா? டெம்புரா இறால் மட்டும் எப்படி அளவுகோல் மாதிரி நேராக நிற்கிறது? வயிற்றுப் பக்கம் கத்தியால் சின்னச் சின்னக் கீறல்கள் போட்டு, மெல்ல அழுத்தி நிமிர்த்திவிடுவார்கள்! வால் நுனியையும் விடுவதில்லை. நுனியைத் துளி நறுக்கி, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கத்தி முனையால் வழித்து வெளியேற்றிவிடுவார்கள். இல்லாவிட்டால் எண்ணெய் படபடவென்று மேலே தெறிக்கும்!

மாவு கரைக்க அவர்கள் ஊற்றுவது என்ன தெரியுமா? ஐஸ் தண்ணீர்! பக்கத்திலேயே 180 டிகிரியில் எண்ணெய் காய்கிறது, இங்கே கிண்ணத்தில் மாவு ஜில்லென்று இருக்கிறது! மாவைக்கூடக் குளிர வைத்து எடுக்கும் மாஸ்டர்கள் உண்டு. கோதுமை மாவு, முட்டை, ஐஸ் தண்ணீர். கலக்குவதோ நாலைந்து சுற்றுதான். கட்டி கட்டியாக இருந்தாலும் அப்படியே விட்டுவிடுவார்கள்! ஏன்? கோதுமையில் குளூட்டன் இருக்கிறது. அடித்துக் கலக்கினால் அது இழுவையாகி, மேல்தோல் ரப்பராகிவிடும். நம் கடலை மாவில் குளூட்டன் கிடையவே கிடையாது! அதனால்தான் பஜ்ஜி மாஸ்டர் கையை விட்டு எவ்வளவு நேரம் அடித்துக் கரைத்தாலும் பஜ்ஜி கெடுவதில்லை!

எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஒரு சொட்டு மாவுதான்! சொட்டு அடிவரைக்கும் போய்ச் சாவகாசமாக மேலே வந்தால் 150, 160 டிகிரி. பாதி ஆழம் போனதும் சட்டென்று எழும்பினால் 180. மூழ்காமல் மேலேயே சிதறி ஓடினால் 200-ஐத் தொட்டுவிட்டது என்று அர்த்தம்! கிரிவலப் பாதையில் அடுத்த தடவை நின்று கவனியுங்கள். நம் மாஸ்டரும் முதல் ஈடு போடுவதற்கு முன்னால் விரல் நுனியில் துளி மாவை எடுத்து எண்ணெயில் உதறிப் பார்ப்பார். டோக்கியோவிலும் அருணாசலத்தின் அடிவாரத்திலும் ஒரே சோதனை!

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விடப் பெரிய அதிசயம் மாஸ்டரின் காதுதான்! போட்டவுடன் எண்ணெய் சோவென்று இரைகிறதே, அது எதன் சத்தம்? காய்க்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடும் சத்தம்! தண்ணீர் குறையக் குறையக் குமிழி சிறுக்கும், இரைச்சல் மெலிந்து கீச்சென்று உயரும். தேர்ந்த டெம்புரா மாஸ்டர் அந்தச் சத்தம் மாறும் கணத்தில் எடுத்துவிடுவார். கடிகாரம் பார்ப்பதில்லை!

சரி, டெம்புரா ஜப்பானியர்களின் சொந்தக் கண்டுபிடிப்பா? அதுதான் இல்லை! 1543-இல் ஜப்பான் கரையில் இறங்கிய போர்த்துகீசியர்கள் வழியாக வந்த சமையல் அது! கறி தின்னாத விரத நாட்களில் மீனையும் பீன்ஸையும் மாவில் தோய்த்துப் பொரிப்பது போர்த்துகீசியர் வழக்கம். நம் ஊர் மிளகாய் பஜ்ஜியில் இருக்கும் மிளகாய் யார் கொண்டுவந்தது? அதே போர்த்துகீசியர்! அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 16-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான்! இன்னொன்று கேளுங்கள். 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணப்பாட்டில் பரதவர்களிடையே ஊழியம் செய்தாரே புனித பிரான்சிஸ் சவேரியார், அவரேதான் 1549-இல் ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கினார்! தூத்துக்குடிக் கரைக்கும் டெம்புரா தேசத்துக்கும் அப்போதே ஒரே கப்பல் பாதை!

எண்ணெயைக் கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். டோக்கியோ பாணி டெம்புராவின் உயிர்நாடி எது தெரியுமா? நல்லெண்ணெய்! சிந்துவெளி மக்கள் பயிர் செய்த அதே எள்! இட்லிப் பொடிக்கு நாம் ஊற்றும் எண்ணெயில் அவர்கள் இறாலைப் பொரிக்கிறார்கள்!

இன்றைக்கு இவ்வளவு விலை விற்கும் டெம்புரா, அன்றைக்கு எங்கே விற்றது? தெருவில்! டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில் குச்சியில் குத்திய டெம்புராவைத் தள்ளுவண்டியில் வாங்கி, நின்றபடியே தின்றார்கள். காரணம் நெருப்பு பயம்! மர வீடுகள் நெருங்கிய ஊர் அது. 1657-இல் மூண்ட பெருந்தீயில் ஒரு லட்சம் பேர் வரை மாண்டதாகச் சொல்வார்கள். வீட்டுக்குள் எண்ணெய்ச் சட்டி வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

ஜப்பானையே ஒரு குடைக்குள் கொண்டுவந்த தொகுகவா இயேயாசு, 1616-இல் எண்ணெயில் பொரித்த மீனை ஆசையாகத் தின்றபின் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று ஒரு கதை அங்கே பிரசித்தம். மீன் தின்று சில மாதங்கள் கழித்துத்தான் இறந்தார். பாவம், பழி மட்டும் டெம்புராவின் தலையில்!

சார்லி சாப்ளினுக்கு டெம்புரா பைத்தியம் என்பது தெரியுமா? 1932-இல் ஜப்பான் போனவர், ஒரே வேளையில் 30 இறால் டெம்புராவை உள்ளே தள்ளியதாகச் சொல்வார்கள்! முப்பது!

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, ஓர் எச்சரிக்கை. ஜப்பானிய பௌத்தக் கோயில் சமையலில் காய்கறி மட்டுமே பொரிக்கும் வகை ஒன்று தனியாகவே உண்டு! ஆனால் கடையில் தொட்டுக்கொள்ளத் தரும் பழுப்பு நிறச் சாற்றில் என்ன இருக்கும் தெரியுமா? சூரை மீன் கருவாடு, கிட்டத்தட்ட நம் மாசி! மாவிலும் முட்டை. வெறும் உப்பைத் தொட்டுக்கொண்டாலும், மாவைப் பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்!

இலையைப் பொரித்துத் தின்பார்களா? ஒசாகா பக்கத்து மினோ என்ற ஊரில் மேப்பிள் இலையைப் பொரிக்கிறார்கள்! பறித்ததை உப்பில் ஊற வைப்பது எவ்வளவு நாள் தெரியுமா? சுமார் ஒரு வருஷம்!

கடைசியாக ஒன்று. இதைப் படித்தால் தூக்கிவாரிப் போடும்! பொரிக்கும்போது சிதறும் மாவுத் துகளை ஜல்லிக் கரண்டியால் அள்ளி ஓரமாகக் குவிப்பார்களே, அந்தக் குவியல் யாரும் பற்றவைக்காமலே தானாகத் தீப்பிடிக்கும் தெரியுமா? சூட்டோடு குவிந்திருக்கும் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து, சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறிக்கொண்டே போகும். பல மணி நேரம் கழித்து, கடை பூட்டிய பிறகு குப்பென்று பற்றும்! ஜப்பானின் தீயணைப்புத் துறை இதற்காகவே கடைக்காரர்களை எச்சரிக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் நீள நீளமான காடாத் துணியும் மலை உச்சிக்குச் சுமந்து போகும் அக்னித் தலம் நம் திருவண்ணாமலை. இங்கே பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, பௌர்ணமிக் கூட்டம் கலைந்ததும் அந்தத் துகளை நன்றாகப் பரப்பி ஆறவிட்டு, தண்ணீர் தெளித்துவிட்டுக் கடையைச் சாத்துங்கள்!