துடுப்பெடுக்கும் முன்னே...

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

ஐந்து மீட்டருக்குச் சற்றே மேற்பட்ட நீளம். கையை நீட்டினால் தண்ணீர். இத்தகைய ஒரு கயாக்கில் தன்னந்தனியாக அட்லாண்டிக் மாக்கடலைக் கடந்தார் ஹான்னெஸ் லிண்டெமான் என்னும் ஜெர்மன் மருத்துவர். 1956 அக்டோபர் 20-ஆம் நாள் கனேரித் தீவுகளிலிருந்து புறப்பட்டவர், பயணத்தின் 72-ஆம் நாளான டிசம்பர் 30 அன்று மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான செயின்ட் மார்ட்டினில் கரையேறினார். அவருடைய வீரத்தைப் பாராட்டுவோர் பலர். எனக்கோ, கரையை விட்டு நீங்குமுன் அவர் செய்துகொண்ட ஏற்பாடுகளே பெரு வியப்பை அளித்தன.

முதலில் படகைப் பார்ப்போம். கயாக் என்பது வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் படைப்பு. சட்டத்தின்மீது சீல் தோலைப் போர்த்தி, ஒருவர் அமர்வதற்கு மட்டும் துளை விட்டிருப்பார்கள். 1905-இல் மியூனிக் நகரில் கட்டடக் கலை பயின்றுவந்த ஆல்பிரட் ஹாயரிக் என்ற மாணவர், இதையே மடித்துப் பையில் அடக்கும்படி செய்தார். அவரிடம் உரிமையை வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? யோஹான் கிளெப்பர் என்னும் தையற்காரர்!

என் தந்தையாரும் தையற்காரர்தாம். பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராதவர். இச்செய்தியைச் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டு, "நூல் ஊறிப் போச்சுன்னா தையல் ஓட்டை வழியாத் தண்ணி வராதாப்பா?" என்று கேட்டார். எங்கள் வகுப்பில் எவருக்கும் தோன்றாத கேள்வி! பருத்தி இழை நனைந்தால் உப்பும். உப்பினால் துளை பெரும்பாலும் தானே அடைபட்டுவிடும். மேல்தளத்துக்குத்தான் இத்துணி. நீரிலேயே கிடக்கும் அடிப்பாகத்துக்கு ரப்பர் பூசிய துணி.

பருவத்தையும் கணக்கிட வேண்டும். பிரான்ஸ் ரோமர் என்ற ஜெர்மானியர் 1928-லேயே மடிப்புக் கயாக்கில் அட்லாண்டிக்கைக் கடந்தவர். ஆனால் அதே ஆண்டு சூறாவளிப் பருவத்தில் மேற்கிந்தியத் தீவுகளை விட்டு நியூயார்க்கை நோக்கிக் கிளம்பியவர், திரும்பவேயில்லை. லிண்டெமான் அப்பருவம் ஓயும் வேளையில் புறப்பட்டார். வடகிழக்கு வாணிபக் காற்று பின்னிருந்து தள்ளியது.

இனித் தண்ணீர். இதுதான் உயிர்நிலை. நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 72 நாளுக்கு 216 லிட்டர், அதாவது 216 கிலோ! அந்தச் சிறு படகு இத்தனையையும் எப்படித் தாங்கும்? சுற்றிலும் தண்ணீர்தானே, குடித்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. நம் சிறுநீரகமோ ஒரு லிட்டர் சிறுநீரில் சுமார் 20 கிராம் உப்பைத்தான் வெளியேற்ற வல்லது. ஆகவே ஒரு லிட்டர் கடல்நீரைக் குடித்தவர், அந்த உப்பைக் கழிக்க ஒன்றே முக்கால் லிட்டர் நீரை இழக்க வேண்டும். மீதி முக்கால் லிட்டர் எங்கிருந்து வரும்? அவர் உடலிலிருந்தேதான். குடிக்கக் குடிக்கத் தாகம், இறுதியில் மரணம்.

1952-இல் ரப்பர்ப் படகில் இதே கடலைக் கடந்த பிரெஞ்சு மருத்துவர் ஆலன் பொம்பார், கடல்நீரைச் சிறிது சிறிதாக அருந்தலாம் என்றார். லிண்டெமான் அதை உறுதியாக மறுத்தார். கணக்கைப் பார்த்தால் அவர் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. டப்பாப் பாலும் பீரும் ஏற்றிக்கொண்டார். மற்றபடி மழைநீரையும், பிடித்துப் பச்சையாகவே உண்ட மீனையும் நம்பினார்.

எல்லாவற்றையும்விட அரிய ஏற்பாடு ஒன்றுண்டு. பெர்லின் மருத்துவர் யோஹான்னெஸ் ஷுல்ட்ஸ் வகுத்த மனப்பயிற்சியைப் பின்பற்றி, 'நான் வெல்வேன்', 'மேற்கே செல்', 'கைவிடாதே' என்னும் சொற்களை மாதக்கணக்கில் தமக்குத்தாமே உருவேற்றிக்கொண்டார். இது மந்திரமன்று. கயாக்கில் கால் நீட்டிப் படுக்க இயலாது; உறக்கம் கெட்டால் இல்லாதவை கண்ணுக்குத் தோன்றும், அறிவு தடுமாறும். அப்போது சிந்திக்காமலேயே எழுந்து நிற்கும் சொல் ஒன்று வேண்டும் என்று அந்த மருத்துவர் முன்கூட்டியே கருதினார்.

பயணத்தின் பிற்பகுதியில் ஓர் இரவு, அலை படகைக் கவிழ்த்தது. கும்மிருட்டில் அதை நிமிர்த்த இயலவில்லை. கவிழ்ந்த படகின்மேல் தொற்றிக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி விடியும்வரை கிடந்தார். வெளிச்சம் வந்ததும் படகை நிமிர்த்தி, உள்ளே புகுந்த நீரை இறைத்து, மீண்டும் மேற்கே திருப்பினார்.